அவர் சொன்ன வண்டி

டூலூத், மினசோட்டா
24 அக்டோபர் 1999

அன்புள்ள மச்சானுக்கு,

ஸ்ரீஹரி எழுதுகிறேன். ரூபாவும் நானும் சுகம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ‘மாமா’ என்று சொல்லப் பல் தேவையில்லை என்பதால் உங்களைப் பற்றி மட்டும் தெளிவாகப் பேசுகிறாள். மற்றதெல்லாம் காற்றுதான்.

அதிகம் எழுதுவதில்லை என்ற உங்கள் குறை நியாயம்தான். யமுனா இருந்தவரை அண்ணனுக்கு எழுதுவது அவள் வேலை. கடைசியில் ‘ஸ்ரீஹரி’ என்று கையெழுத்துப் போடுவது மட்டும் என் வேலை. அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகியும் பேனாவை எடுத்தால் கையெழுத்துத்தான் முதலில் வருகிறது. சரி, ஃபோன் செய்யலாம் என்றால், “உங்களுக்கு மீட்டர் ஓடுது மாப்ள, வெச்சிடுங்க” என்று நீங்களே கட் செய்துவிடுகிறீர்கள்.

இப்போது உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். கார் மாற்றலாமா என்று பார்க்கிறேன். ரூபா இந்த வருஷம் போகும் பள்ளிக்கூடம் மேட்டுத் தெருவில் இருக்கிறது. இந்த ஊரே ஏரியிலிருந்து மலைக்கு ஏறுகிற ஊர். திருமலைக்கு வளைந்து வளைந்து ரோடு போட்ட மாதிரி இங்கே யாரும் போடவில்லை, நேராகவே ஏற்றிவிட்டார்கள். பனிக் காலத்தில் நம் வெள்ளைக் காரின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. நாலு சக்கரமும் இழுக்கிற சின்னக் குடும்ப வண்டி ஒன்று வாங்கினால்தான் சரிப்படும் என்று ஆபீசில் ஒருவர் சொல்கிறார். அவரும் நம் பக்கம்தான், சூளூர்பேட்டை.

வெள்ளைக் காரை விட மனம் வரவில்லை, மச்சான். யமுனா கார் ஓட்டப் பழகியது அதில்தான். வாங்கிய அன்று அவள் வைத்த குங்குமம் இன்னும் ஸ்டியரிங் நடுவில் இருக்கிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருகுகிறேன்.

என்ன செய்யலாம்? எழுதுங்கள். அம்சவேணி அக்காவுக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
ஸ்ரீஹரி


உ

மேலப்பட்டு, நகரி வழி
14 நவம்பர் 1999

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் ஏகாம்பரம் எழுதிக்கொண்டது. கடிதம் வந்தது. அதை விடப் பெரிய சந்தோஷம், அது இரண்டு பக்கம் இருந்தது.

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அம்சவேணி அடுப்படியிலிருந்தே, “நாலு சக்கரம் இருக்கற வண்டி வோணும்னா எழுதிக்கினு கீறாரு? அங்க மூணு சக்கரத்துலயா கார் ஓட்டிக்கினு இருந்தாரு இத்தினி நாளா?” என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் பெண்டாட்டி கேட்ட பிறகு நானும் கேட்டால் மரியாதை இல்லை என்று, புத்தூருக்கும் சத்தியவேட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறானே சிட்டிபாபு, அவனைப் போய்க் கேட்டேன்.

“அது அப்டி இல்லண்ணா. நம்ம வண்டில பின்னால ரெண்டு சக்கரம் தள்ளிக்கினு போவும். அந்த வண்டில நாலும் இழுத்துக்கினு போவும். நம்ம ஜீப்லயும் அதுக்கு ஒரு குச்சி கீது. வாங்கின நாள்லருந்து நான் தொட்டதில்ல. ஜனங்க அதுல கூடை மாட்டிக்கினு வர்றாங்க” என்றான்.

ஆகவே நானும் இப்போது விஷயம் தெரிந்தவன். என் யோசனை இது: சுசுகி வாங்குங்கள். நம் மாருதிக்கும் அவன்தானாமே. ஏதாவது உடைந்தால் ஸ்பேர் பார்ட்ஸ் புத்தூரிலேயே கிடைக்கும், நான் வாங்கி அனுப்புகிறேன். இப்போது திருப்பதியில் பார்த்தால் தெருவுக்குத் தெரு புதுக் கார்தான். முன்பு ஊருக்கு ஓர் அம்பாசிடர், அதுவும் கல்யாணத்துக்கு.

அம்பாசிடர் என்றதும் உங்கள் கல்யாணம் ஞாபகம் வருகிறது. சித்தூரிலிருந்து ஜம்பமாக வந்த மாப்பிள்ளை கார், பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு நகரி மலையைத் தாண்டுவதற்குள் படுத்துவிட்டது. நீங்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினீர்கள். உங்கள் அப்பா, “கல்யாண மாப்பிள்ளை தள்ளக் கூடாது!” என்று கத்துகிறார். யமுனா உள்ளே உட்கார்ந்துகொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கடைசியில் என் பக்கம் தலையை நீட்டி, “அண்ணா, நீ தள்ளு. அவுரு வேட்டி அவுந்துடும் போல கீது” என்றாள். நான் தள்ளினேன். அன்றைக்குத் தள்ளிய தள்ளு, அமெரிக்கா வரை போய்விட்டாள்.

மாப்பிள்ளை, ஒன்று சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் இருந்தபோது கடிதம் வராவிட்டாலும் தங்கச்சி தங்கச்சிதான். இப்போது உங்களுக்கும் எனக்கும் நடுவில் ரூபாவும் இந்தக் கடிதமும்தான் இருக்கின்றன. கடிதம் நின்றால் நான் தாய்மாமன் என்பது அந்தக் குழந்தைக்கு யார் சொல்லித்தான் தெரியும்? அந்தப் பயத்தில்தான் அடிக்கடி குறை சொல்கிறேன்.

பனி தலையில் இறங்கக் கூடாது. ரூபாவுக்கு ஒரு மஃப்ளர் அனுப்புகிறேன், காதை மூடிக் கட்டி விடுங்கள். அந்தச் சூளூர்பேட்டைக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நல்ல மனுஷராகத் தெரிகிறார்.

தங்கள் மச்சான்,
ஏகாம்பரம்


டூலூத்
19 டிசம்பர் 1999

அன்புள்ள மச்சானுக்கு,

மஃப்ளர் வந்தது. ரூபா அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். ஆனால் மச்சான், நம் ஊர் மார்கழிப் பனி வேறு, இது வேறு. சொல் ஒன்றாக இருந்து நம்மை ஏமாற்றுகிறது. காலையில் கதவைத் திறந்தால் இடுப்பளவு வெள்ளையாக நிற்கிறது. மண்வெட்டி எடுத்து வாரினால்தான் கார் எங்கே நிற்கிறது என்றே தெரியும். ராத்திரியில் காருக்குக் கரண்ட் வயர் செருகிச் சூடேற்றி வைக்கிறார்கள். பசுமாட்டுக்குக் கூட நாம் இவ்வளவு செய்ததில்லை.

வண்டி பார்க்கப் போனோம். நீங்கள் சொன்னதற்காகவே சுசுகியை முதலில் பார்த்தேன். சின்னதாக, அடக்கமாக, கையில் எடுத்துக் கொஞ்சலாம் போல இருந்தது. ரூபாவுக்கு அதுதான் பிடித்தது. இரண்டாவதாக இன்னொரு ஜப்பான் வண்டி. பார்வைக்கு அவ்வளவு அழகில்லை. ஆனால் எந்தக் குச்சியையும் தொட வேண்டாம், எப்போதும் நாலு சக்கரமும் தானே இழுக்கும். பின்னால் இடமும் கொஞ்சம் அதிகம்.

நான் விலையையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆபீசில் வண்டி யோசனை சொன்ன அவரும் கூட வந்திருந்தார். பின்கதவைத் திறந்து தானே ஏறி உட்கார்ந்து பார்த்தார். குழந்தையின் சீட்டைப் பொருத்திய பிறகு பக்கத்தில் ஒரு பெரிய ஆள் காலை நீட்டி உட்கார முடியுமா என்று பார்க்க, கடைக்காரரைக் கேட்டு அந்தச் சீட்டையே வரவழைத்துப் பொருத்திப் பார்த்தார். நாலு சக்கரமும் இழுத்தால் ஏறுவதற்குத்தான் உதவும், நிற்பதற்கு உதவாது, பனிக்கென்று இருக்கிற டயரைத் தனியாக வாங்கிப் போட வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார்.

போன வாரம் ஒன்று நடந்தது. மத்தியானமே பனிப்புயல். பள்ளிக்கூடத்தை முன்கூட்டியே மூடிவிட்டார்கள். நான் வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு பாதி மேடு ஏறினேன். அது பக்கவாட்டில் வழுக்கி ஒரு மரத்தடியில் போய் நின்றுவிட்டது. அங்கிருந்து நடக்கவும் முடியாது. செல்ஃபோனில் அவரைக் கூப்பிட்டேன். அவர் தன் வண்டியில் போய் ரூபாவை ஏற்றிக்கொண்டு, வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். ரூபாவின் டப்பாவில் மிச்சமிருந்த தயிர்சாதத்தை இரண்டு பேரும் வண்டியிலேயே பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அன்று வீட்டுக்குள் வந்ததும், இனி தள்ளிப்போட முடியாது என்று முடிவு செய்துவிட்டேன்.

தங்கள் மாப்பிள்ளை,
ஸ்ரீஹரி


உ

மேலப்பட்டு
18 ஜனவரி 2000

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. கரும்பு இந்த வருஷம் பரவாயில்லை. மாமரம் நன்றாகப் பூத்திருக்கிறது. சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் புதிது புதிதாக வருகின்றன, நம் பழம் டப்பாவில் ஏறி உங்கள் ஊருக்கே வந்தாலும் வரும். குடித்துப் பார்த்து நம் தோட்டத்துப் பழமா என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குழந்தை பனியில் தனியாக நின்றிருந்தால்? அந்தப் புண்ணியவானுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? இத்துடன் ஒரு பார்சல் அனுப்புகிறேன். ரூபாவுக்குப் பட்டுப் பாவாடை. உங்களுக்கு மாம்பழ தாண்ட்ரா, அம்சவேணி சாற்றை வெயிலில் காயவைத்துச் சுருட்டியது. மூன்றாவது பொட்டலம் அவருக்கு. நகரித் தறியில் சொல்லி நெய்த எட்டு முழ வேட்டி, மயில்கண் கரை. ஆள் எவ்வளவு உயரம் என்று நீங்கள் எழுதவில்லை. குட்டையானவர் என்றால் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் சொல்லுங்கள், நம் பக்கம் நல்ல பெண்ணாகப் பார்க்கிறேன். இப்படிப்பட்ட குணம் உள்ளவரை வெள்ளைக்காரி யாராவது கொத்திக்கொண்டு போவதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும். அம்சவேணியும் அதையேதான் சொல்கிறாள்.

சிட்டிபாபு ஒரு சந்தேகம் கேட்டான். “ரெண்டு பேருக்கு இன்னாத்துக்குண்ணா அஞ்சு பேர் குந்தற வண்டி? சுசுகியே பத்தாதா?” நான் அவனிடம், நானும் அம்சவேணியும் போனால் உட்கார வேண்டாமா என்று கேட்டேன். உண்மையில் எனக்குப் பாஸ்போர்ட் கூட இல்லை. இருந்தாலும் சொல்வதற்கு நன்றாக இருந்தது.

எந்த வண்டியானாலும் எடுத்த அன்று எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுங்கள். அந்த ஊரில் எலுமிச்சை கிடைக்கும்தானே?

தங்கள் மச்சான்,
ஏகாம்பரம்


டூலூத்
27 பிப்ரவரி 2000

அன்புள்ள மச்சானுக்கு,

வண்டி வாங்கிவிட்டேன். இரண்டாவதாகப் பார்த்ததைத்தான். கரும்பச்சை நிறம். எலுமிச்சை கிடைத்தது. பனியில் வைத்ததால் அது நசுங்கவில்லை, அப்படியே உள்ளே புதைந்துவிட்டது. ரூபா தோண்டி எடுத்து மறுபடியும் வைத்தாள்.

வெள்ளைக் காரைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டார். ஸ்டியரிங்கில் சிவப்பாக இது என்ன என்று கேட்டார். என் மனைவி வைத்தது என்றேன். துடைக்கத் துணியை எடுத்தவர் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். பார்த்திருந்தால் சாவியைத் திருப்பி வாங்கியிருப்பேன்.

உங்கள் பார்சலும் வந்தது. வேட்டியைப் பிரித்து மேஜைமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மச்சான், இந்த வேட்டியை அவர் கட்ட முடியாது. அவர் பெண்.

பெயர் யசோதா. நான் பொய் சொல்லவில்லை. ‘அவர்’ என்றுதான் எழுதினேன். நீங்கள் ஆண் என்று நினைத்துக்கொண்டது மஃப்ளர் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் திருத்தாமல் இருந்தேன். அடுத்த கடிதத்தில் சொல்லிக்கொள்ளலாம், அதற்கடுத்ததில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நீங்கள் பெண் பார்ப்பதாக எழுதிய பிறகு இனி தள்ள இடமில்லை.

யசோதாவும் நானும் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறோம். ரூபாவுக்கு அவரிடம் ஒட்டுதல் வந்துவிட்டது. சிட்டிபாபு கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அவருடைய அப்பா அம்மா சூளூர்பேட்டையில் இருக்கிறார்கள், சம்மதம் சொல்லிவிட்டார்கள். என் வீட்டில் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. முதலில் உங்களிடம்தான் கேட்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் நடக்காது. இதை யசோதாவிடமும் சொல்லிவிட்டேன்.

கோபப்படுங்கள். ஆனால் எழுதுங்கள்.

ஸ்ரீஹரி


மேலப்பட்டு
20 மார்ச் 2000

ஸ்ரீஹரி அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது.

தெலுங்கில் எழுதியிருந்தால் ‘ஆயன’வா ‘ஆவிட’வா, ஆணா பெண்ணா என்று முதல் கடிதத்திலேயே பிடிபட்டிருக்கும். தமிழில் எழுதித் தப்பித்துக்கொண்டீர்கள். நல்ல சாமர்த்தியம். தறிக்காரரிடம் நான்கு தடவை நடந்து கரையைப் பார்த்துப் பார்த்து நெய்யச் சொன்னவன் பைத்தியக்காரன்.

நீங்கள் மறுபடியும் கல்யாணம் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சின்ன வயசு, கையில் குழந்தை. ஆனால் நம் பக்கத்தில் ஒரு பெண்ணை எடுத்திருந்தால் உறவு அறுந்துபோகாது. என் தங்கையைக் கட்டியதால் நீங்கள் எனக்கு மாப்பிள்ளை. யாரோ ஒரு பெண்ணைக் கட்டினால் நீங்கள் எனக்கு யார்? அந்தப் பெண்ணின் அண்ணன் தம்பிகள் நாளைக்கு ரூபாவுக்கு மாமன்கள். நான் யார்?

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தப் பெண் எவ்வளவு நாளாகப் பழக்கம்? யமுனா இருந்தபோதேயா?

என் தங்கை இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல் போனாள். பாஸ்போர்ட் இல்லாத அண்ணன் இங்கே புத்தூர்க் கடையில் சேலையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அன்று விழுந்த பள்ளம் இன்னும் மூடவில்லை. அதற்குள் நீங்கள் புது வண்டியில் ஏறிவிட்டீர்கள்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

க. ஏகாம்பரம்


டூலூத்
9 ஏப்ரல் 2000

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் ‘மாப்பிள்ளை’யை எடுத்துவிட்டாலும் நான் ‘மச்சானை’ எடுக்க மாட்டேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். யசோதா எங்கள் ஆபீசுக்கு வந்தது யமுனா ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு. யமுனாவை உயிரோடு அவர் பார்த்தது ஒரே முறை, மற்றவர்களோடு சேர்ந்து பழம் வாங்கிக்கொண்டு வந்தபோது. எங்களுக்குள் அன்று எதுவும் இல்லை. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் எதுவும் இல்லை. இதை ரூபாவின் மேல் கை வைத்துச் சொல்வேன்.

அடுத்த விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று யசோதா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். “அதைச் சொல்லி அவங்க மனசை மாத்தாதீங்க. நான் அதுக்காகச் செய்யல” என்றார். ஆனால் யமுனா கோடி இல்லாமல் போனாள் என்று நீங்கள் எழுதிய பிறகு நான் சும்மா இருந்தால் அது உங்களுக்குச் செய்கிற பாவம்.

மச்சான், யமுனா கோடி இல்லாமல் போகவில்லை.

இங்கே இறந்தவர்களைத் தயார் செய்வதற்கென்று ஒரு வீடு இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்குச் சேலை கட்டத் தெரியாது. நான் கட்டிவிடுகிறேன் என்றேன். கொசுவம் வைக்கவே எனக்கு வரவில்லை. நம் மொழி தெரிந்த பெண் இந்த ஊரில் அன்று யசோதா ஒருவர்தான். சொல்லி அனுப்பாமலே வந்தார். “நீங்க வெளிய இருங்க, பொம்பளைக்குப் பொம்பளதான் கட்டணும்” என்று என்னை அனுப்பிவிட்டு, குளிப்பாட்டி, தலை வாரி, மஞ்சள் பூசி, யமுனாவின் கல்யாணச் சேலையைக் கட்டினார். பிறகு என்னிடம் வந்து, “இவங்க புட்டினில்லு சீரை எங்க?” என்று பிறந்த வீட்டுச் சேலையைக் கேட்டார். பிறந்த வீட்டில் யாரும் வர முடியவில்லை என்றேன். அவர் நேரே வீட்டுக்குப் போய், அவருடைய அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய, மடிப்புக் கலையாத சிவப்புச் சேலையை எடுத்துக்கொண்டு வந்தார். “இவங்க அண்ணன் பேர் என்ன?” என்று கேட்டார். சொன்னேன். “ஏகாம்பரம் அண்ணன் வீட்டுச் சேலை” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அதை யமுனாவின் மேல் போர்த்தினார்.

அன்று வெளியே நல்ல பனி. தகனம் செய்யும் இடம் மேட்டில் இருக்கிறது. நம் வெள்ளைக் கார் பாதியிலேயே நின்றுவிட்டது. யசோதாவின் வண்டியில்தான் நானும் ரூபாவும் மேலே போனோம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியைப் பற்றி நான் முதலில் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். இதை எழுத முடியாமல்தான் பள்ளிக்கூடத்து மேடு என்று எழுதினேன். அதுவும் பொய் இல்லை.

உங்கள் பெயரைச் சொல்லித்தான் உங்கள் தங்கை போனாள். இதை இரண்டு வருஷமாக என்னிடமே வைத்திருந்ததற்கு என்னைத் திட்டுங்கள். அந்த அறை வாசலில் நின்றதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

ஸ்ரீஹரி


டூலூத்
20 ஆகஸ்ட் 2000

அன்புள்ள மச்சானுக்கு,

மாம்பழக் காலம் முடிந்திருக்கும். உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பக்கத்து வீட்டு நம்பருக்கு ஃபோன் செய்தால் நீங்கள் தோட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எப்போது செய்தாலும் தோட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

கல்யாணப் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறோம். யசோதா ஒன்றும் கேட்பதில்லை. முன்போலவே வருகிறார், ரூபாவுக்குத் தலை பின்னிவிட்டுப் போகிறார். ரூபா நேற்று, “மாமாவுக்கு நம்ம மேல கோபமா?” என்று கேட்டாள். மாமாவுக்கு வேலை அதிகம் என்றேன். அவளுக்குப் பல் முளைத்துவிட்டது. இப்போது எல்லாம் தெளிவாகப் பேசுகிறாள். அதனால் பதில் சொல்வதும் கஷ்டமாகிவிட்டது.

ஸ்ரீஹரி


உ

மேலப்பட்டு, நகரி வழி
8 அக்டோபர் 2000

அன்புள்ள தங்கச்சி யசோதாவுக்கு,

அண்ணன் ஏகாம்பரம் எழுதிக்கொண்டது. உங்களுக்குத் தமிழ் படிக்க வருமா என்று தெரியாது. எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுதினால் பிழை வரும். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன், மாப்பிள்ளை படித்துச் சொல்லட்டும். நடுவில் எதையாவது விழுங்கிவிடுவார், அந்தப் பழக்கம் அவருக்கு உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொல்லுங்கள்.

அவருடைய சித்திரை மாதக் கடிதம் வந்தபோது நான் தோட்டத்தில் இருந்தேன். அங்கேயே பிரித்துப் படித்தேன். அன்றைக்குக் காய் பறிக்க வந்த ஆட்கள் எல்லாம் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். என் தங்கை செத்த செய்தி வந்தபோது கூட நான் அப்படி அழவில்லை. அதற்குப் பிறகு பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? நன்றி என்று எழுதினால் அது அந்நியருக்கு எழுதுவது. மன்னிப்பு என்று எழுதினால் நான் கேட்ட அந்தக் கேள்வியை மறுபடியும் எழுத வேண்டும். அப்படியே மாங்காய் முடிந்து கரும்பு நடவும் வந்துவிட்டது.

போன வாரம் அம்சவேணிக்குப் பொறுமை போய்விட்டது. கடிதத்தை என் சட்டைப் பையிலிருந்து பிடுங்கி முன்னால் போட்டாள். “கோடி போட்றவங்க யாரு? பொறந்த வூட்டு ஜனம். அந்தப் பொண்ணு போட்டுச்சா இல்லியா? அதுவும் உங்க பேரச் சொல்லிப் போட்டுச்சா இல்லியா? அப்ப அது நம்ம வூட்டுப் பொண்ணு. இதுக்குப் போயி இத்தினி மாசமா தோட்டத்துல ஒளிஞ்சிக்கினு இருந்தீங்களே, அங்க அந்தக் கொயந்த இன்னா நெனச்சிக்கினு இருக்கும்?” என்று கேட்டாள். நான் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்து, இனி இந்த ஸ்ரீஹரி எனக்கு யார் என்று கேட்டேனே, அதற்கு இவள் அடுப்படியில் நின்றுகொண்டு விடை சொல்லிவிட்டாள். தங்கச்சியைக் கட்டுகிறவர் மாப்பிள்ளை. அவ்வளவுதானே.

அன்று நான் வாங்கிக் கையில் வைத்திருந்த சேலையை இத்தனை நாள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை நானும் அம்சவேணியும் போய் ஏரியில் விட்டுவிட்டு வந்தோம். அவளுக்குப் போக வேண்டியது எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு புத்தூருக்குப் போய் உங்களுக்கு ஒரு கல்யாணச் சேலை பார்த்தோம். அம்சவேணி பச்சை என்கிறாள், நான் அரக்கு என்கிறேன். எது பிடிக்கும் என்று எழுதினால் வீட்டில் சண்டை நிற்கும்.

கல்யாணம் சூளூர்பேட்டையிலேயே நடக்கட்டும், உங்கள் அப்பாவுக்கும் அதுதான் மரியாதை. நான் பெண் வீட்டுப் பக்கம் அவரோடு நிற்பேன். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு நாள் எங்கள் வீட்டில் வந்து தங்க வேண்டும். பிறந்த வீட்டில் நலங்கு வைக்காமல் பெண்ணை அனுப்புகிற வழக்கம் இங்கே இல்லை. ரூபாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

என்னை அண்ணா என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள். அவளோடு அந்தச் சொல்லும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பனி கொட்டுகிற அந்த ஊரில், நான் முகம் கூடப் பார்த்திராத ஒரு பெண் என் பேரோடு சேர்த்து அண்ணன் என்று சொல்லியிருக்கிறாள், என் தங்கைக்குக் கேட்கிற மாதிரி. அதைக் கேட்க நான்தான் அங்கே இல்லை. நேரில் வந்து ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும்.

இவ்வளவு நேரமும் மரியாதைக்காக ‘நீங்கள்’ என்று எழுதிக்கொண்டே வந்துவிட்டேன். கை கூசுகிறது. கூடப் பிறந்தவளை யார் அப்படிக் கூப்பிடுவார்கள்?

நீ எப்போது வருகிறாய்?

உன் அண்ணன்,
ஏகாம்பரம்